முருகனை, முருகனால், முருகனுக்கு

தமிழில் தோற்றுப்போன தமிழர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பது சாதாரண வேலை இல்லை. அதில் ஒரு நாள்கூட எனக்கு நிம்மதியாக விடிந்தது கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பஜாரில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே ஒரு டுடோரியல் இருந்தது. பத்தாவதில் கோட்டைவிட்டவர்களைக் கரையேற்றுகிற இடம். புலவர் படிப்பை முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த என்னை அங்கே தமிழுக்கு வைத்துக்கொண்டார்கள். கணக்கில் தோற்றவன் சத்தமாகச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு படியேறுவான். இங்கிலீஷில் தோற்றவனுக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். தமிழில் தோற்றவர்கள்தான் பாவம். மண்டி வாசலில் நின்று அரிசியைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார்கள், தெருவில் தெரிந்த முகம் இல்லை என்றானதும் விறுவிறுவென்று மேலே வந்துவிடுவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட வயதில் பெரியவர்கள். மண்டிக்காரர் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், யாராவது அரிசியை அள்ளினால் போதும், மூட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார்: "அரிசிக்கு வந்தியா, தமிழுக்கு வந்தியா? தமிழுன்னா மேல போ."

இரண்டு ஆள் எதற்கு?

நீங்களும் வேற்றுமை உருபு படித்தவர்தானே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஐ, ஆல், கு, இன், அது, கண். வாய் கடகடவென்று சொல்லும். இதெல்லாம் எதற்கு என்று நிறுத்திக் கேட்டால் எல்லாரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஒரே பெயர்தான், அதன் பின்னால் எதை ஒட்டுகிறோமோ அதை வைத்து அந்த ஆள் அடித்தவனா, அடிபட்டவனா, வாங்கிக்கொண்டவனா என்று தெரிகிறது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்குக் கைகொடுத்தவர் முருகன். முருகன் வந்தான், முருகனைக் கண்டேன், முருகனால் முடிந்தது, முருகனுக்குக் கொடுத்தேன் என்று ஆரம்பித்து, எட்டாவதான விளியில் 'முருகா, வா' என்று கூப்பிட்டு முடிப்பேன். யாராவது தப்பாகச் சொன்னால் என் வாயிலிருந்து பெருமூச்சோடு வருவதும் அதே 'முருகா'தான்.

வளையல் கடை ஜமால் பாய்க்கு முப்பது வயது இருக்கும். துபாய் போவதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவருக்கு 'முருகனை'யும் 'முருகனுக்கு'ம் எப்போதும் இடம் மாறிப்போகும். 'முருகனுக்குப் பார்த்தேன்' என்பார். ஒரு வாரம் போராடிய பிறகு, வீட்டில் என்ன பாஷை என்று கேட்டேன். உருது. அதில் எப்படிச் சொல்வீர்கள் என்றதும் சொல்லிக்காட்டினார். பார்த்தாலும் 'கோ', கொடுத்தாலும் 'கோ'. நமக்கு இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் தனித்தனி. அங்கே இரண்டுக்கும் ஒரே உருபு போதுமானதாக இருக்கிறது. காரணம் பிடிபட்ட சந்தோஷத்தில் நான் கரும்பலகை நிறைய எழுதி விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைக்காரராகவே ஒரு சந்தேகம் கேட்டார்: "எங்க வூட்ல ஒரே 'கோ' ரெண்டு வேலையும் பாத்துக்கினு கீது ஐயா. நீங்க இன்னாத்துக்கு ரெண்டு ஆள வச்சிக்கினு பேஜார் பட்றீங்கோ?"

தபால்காரரும் நாயும்

பலராமன் திருமுக்கூடல் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் கொடுப்பவர். பத்தாவது தேறினால் வேலையில் ஒரு படி ஏறலாம் என்று வந்தவர். தமிழ், இங்கிலீஷ் இரண்டும் பாக்கி. இங்கிலீஷ் எடுத்தவர் எங்கள் பிரின்சிபால். டுடோரியலை நடத்துபவரும் அவரே. வாசலில் ஒரு பலகை மாட்டி, போன தடவை எழுதியவர்கள் எத்தனை பேர், தேறியவர்கள் எத்தனை பேர் என்று வண்ணச் சாக்பீஸில் எழுதி வைத்திருப்பார். நான் அந்தப் பலகையைப் பார்க்காமலே உள்ளே நுழைந்துவிடுவேன்.

ஒரு நாள் பிரின்சிபால், நாய் தபால்காரரைக் கடித்த கதையை இங்கிலீஷில் நடத்திவிட்டுப் போனார். இங்கிலீஷில் பெயருக்கு வால் கிடையாது. முன்னால் நிற்பது செய்கிறது, பின்னால் நிற்பது படுகிறது, இடம் மாறினால் ஆள் மாறிவிடும். அடுத்த வகுப்பு என்னுடையது. அதே வாக்கியத்தைத் தமிழில் எப்படிப் புரட்டினாலும் பொருள் மாறாது என்று காட்டினேன். 'தபால்காரரை நாய் கடித்தது', 'நாய் கடித்தது தபால்காரரை', எப்படிச் சொன்னாலும் 'ஐ' யார் மேல் ஒட்டியிருக்கிறதோ அவருக்குத்தான் கடி. நிஜமாகவே இரண்டு தடவை கடி வாங்கியிருந்த பலராமன் எழுந்து கணுக்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நம்ம பாஷதான் நாயம் ஐயா. இங்கிலீஷ்ல நான் தெரியாம முன்னால வந்து நின்னுட்டா, நானே நாய கடிச்சதா ஆயிடுது."

மூன்றாவது பெஞ்சு

இப்போது சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்தவர் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்த பூங்காவனம்.

அவரும் திருமுக்கூடல் பக்கம்தான். கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர், மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அலுவலகத்தில் நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார்கள். பத்தாவது தேறியிருந்தால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும். அந்த இடத்தை வருகிற ஜூன் வரைக்கும்தான் வைத்திருக்க முடியும். பூங்காவனம் கல்யாணத்துக்கு முன்பே மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியவர். தமிழ் மட்டும் விட்டுப்போனது, அதுவும் தெரியாததால் அல்ல. இரண்டாம் தாள் அன்றைக்குப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வீட்டில் பரீட்சை பெரிதா மாப்பிள்ளை பெரிதா என்று பார்த்து, புடவை கட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

கட்டுரை எழுதச் சொன்னால் அழகாக எழுதுவார். செய்யுளை ஒப்பிப்பார். வேற்றுமை மட்டும் கேட்டால் எழுந்து நிற்பார், தலையைக் குனிந்துகொள்வார், அவ்வளவுதான். 'முருகனை' என்று நான் எடுத்துக் கொடுத்தாலும் வாய் திறக்காது. எத்தனை தடவை கேட்டாலும் அதே கதை. இலக்கணக் கேள்விக்கு மதிப்பெண் அதிகம், அதை விட்டுவிட்டுத் தேறுவது கஷ்டம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் டுடோரியலில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு மனுப் போடுவதற்கு முன்னால் பிரின்சிபால் ஒவ்வொருவரையும் எழுப்பி வாயால் கேள்வி கேட்பார். பதில் சொன்னவர்களின் மனுவைத்தான் அனுப்புவார், பலகையில் எண்ணிக்கை குறையக்கூடாதே. பூங்காவனத்திடம் அவர் கேட்டது வேற்றுமை. நான் பின்னால் நின்று உதட்டை அசைத்துக்கூடப் பார்த்தேன். அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரின்சிபால் என்னை வெளியே கூப்பிட்டு, பூங்காவனத்துக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "வாயே தொறக்காத கேஸெல்லாம் அனுப்ப முடியாது தமிழய்யா. வர்ற வெள்ளிக்கிழம ஒரு வாட்டி கேக்கறேன். அப்பவும் இப்டியே நின்னா அடுத்த வருசம் பாத்துக்கட்டும்."

அடுத்த வருஷம் அந்த வேலை இருக்காது என்பது அந்த மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மணியார்டர் கையெழுத்து

அன்று சாயங்காலம் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பலராமன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். எதற்கு இப்படி என்று விசாரித்தார். 'முருகன்' என்று ஒரு பெயர், அதற்குப் பின்னால் ஆறு உருபு, அதைச் சொல்ல இந்தம்மாவுக்கு அப்படி என்ன கஷ்டம் என்று புலம்பித் தீர்த்தேன். அவர் சைக்கிளை மண்டிச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். இவன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறானா என்கிற பார்வை.

பிறகு சொன்னார். ஜீப் ஓட்டியவர் வெளியூர் வேலையாகப் போனால் வீட்டுக்கு மணியார்டர் அனுப்புவாராம். யார் அனுப்பியது என்று பலராமன் வழக்கமாகக் கேட்பார். பூங்காவனம் ஒரு தடவைகூட பதில் சொன்னதில்லை. 'நீயே சொல்லுண்ணா' என்பார், இவர் பெயரைப் படிப்பார், அந்தம்மா தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். கட்டியவர் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டில் அப்படி ஒரு கட்டுத்திட்டம். கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனால்கூட எல்லாரும் சாமி பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது இவர் கையை மட்டும் கூப்பிக்கொண்டு நிற்பாராம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அத்தனை நாளும் நான் பெருமூச்சு விட்டபோதெல்லாம் மூன்றாவது பெஞ்சில் அந்தத் தலை ஏன் குனிந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பலராமன் சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார்: "அவர் பேரு முருகன்தாங்க ஐயா. அந்தம்மா வாயால அத யாரும் கேட்டதில்ல, நீங்க இன்னாடான்னா எட்டு வாட்டி சொல்ல சொல்றீங்க."

மிச்சம் இருக்கிற பெயர்

பெயர்தானே தொல்லை, மாற்றிவிட்டால் போச்சு என்று மறுநாள் உற்சாகமாக வந்தேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பூங்காவனத்தைத் தனியாகக் கூப்பிட்டு, முருகன் வேண்டாம்மா, கண்ணனை வைத்துச் சொல்லுங்கள் என்றேன். அந்தம்மா முகம் முதலில் மலர்ந்தது, உடனே வாடிவிட்டது. "பெரியவருங்க" என்றார். கணவரின் அண்ணன். மூத்தார் பெயரையும் சொல்லக் கூடாது.

சரி, இராமன். அது மாமனார். வேலன் என்றேன், மாமனாரின் தம்பியாம். கோபால் என்று போய்ப் பார்த்தேன், அது மாமியாரின் அண்ணனாம். அந்த வீட்டில் ஆண் பிள்ளைகளுக்கு என்னைக் கேட்டுத்தான் பெயர் வைத்தார்களோ என்று சந்தேகமே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். உங்களுக்குச் சொல்லலாம் என்று எந்தப் பெயர்தானம்மா மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பூங்காவனம் என் பதற்றத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்: "மரம் கீதுங்களே ஐயா. அது எனக்கு ஒண்ணும் மொற ஆவாது."

இரண்டாம் தாள்

வெள்ளிக்கிழமை பிரின்சிபால் முன்னால் பூங்காவனம் மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று தண்ணீராக ஒப்பித்தார். 'மரமே, நில்' என்று விளியையும் விடவில்லை. பிரின்சிபாலுக்கு ஆச்சரியம், மனு போய்விட்டது. எனக்கு மட்டும் வேறு ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. கேள்வித்தாள் தயாரிப்பவர்களும் என்னைப் போன்ற தமிழ் வாத்தியார்கள்தானே. அவர்களுக்கும் முருகனை விட்டால் யார் இருக்கிறார்கள்? பழைய கேள்வித்தாள்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அவர்தான் நின்றார். எழுதினால் மட்டும் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லையே என்று பூங்காவனத்திடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். கையால் எழுதுவதும் சொல்வது மாதிரிதான் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் கேள்வியே வந்தால் என்னம்மா செய்வீர்கள் என்றதற்கு என்னைச் சமாதானப்படுத்தினார்: "வராதுங்க ஐயா. அந்த சாமி அவ்ளோ கெட்டவரு இல்ல."

மார்ச் மாதம் தமிழ் இரண்டாம் தாள் அன்று பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றேன். முதலில் வெளியே வந்தவர் பலராமன். என்னைக் கண்டதும் அவர் நடை மெதுவாகிவிட்டது. கேள்வித்தாளை மடித்தபடியே என் கையில் கொடுத்தார். பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. 'முருகன் என்னும் பெயரை எட்டு வேற்றுமையிலும் வைத்து வாக்கியம் அமைக்க.' பலராமன் என் தோளைத் தொட்டு, ஊருக்குள் யாரோ விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "வந்துட்டாருங்க ஐயா."

ரிசல்ட்

பூங்காவனம் கடைசி மணி அடித்த பிறகுதான் வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எழுதினீர்களா அம்மா என்று கேட்க வாயைத் திறந்தேன், திருமுக்கூடல் பஸ் கிளம்பி ஹாரன் அடித்தது, அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அடுத்த பஸ் சாயங்காலம்தான், நிற்கச் சொல்லவும் முடியாது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. கேட்டனுப்பலாம், ஆனால் எழுதவில்லை என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? கேட்காமலும் இருக்க முடியவில்லை. பலராமன்தான் தபால் கொடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்வார்: "தண்ணி எட்த்துக்கினு போறாங்க ஐயா. துணி தொவைக்கிறாங்க. பரீட்ச பத்தி பேச்செடுத்தா மட்டும் வேற எங்கயோ பாக்கறாங்க." இதைக் கேட்டு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போனது. இந்த நாட்டில் எத்தனையோ பெயர்கள் இருக்க, நான் ஏன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அந்தம்மாவை நிற்க வைத்தேன் என்று நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

ரிசல்ட் பேப்பர் காஞ்சிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தது. பஸ் நிலையத்தில் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே கூட்டம் அள்ளிக்கொண்டது. கிழிந்த பாதிப் பக்கம்தான் எனக்குக் கிடைத்தது, அதில் எங்கள் எண்களே இல்லை. மீதியைப் பிடித்திருந்தவர் ஜமால் பாய். அவர் தன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பலராமன் எண்ணைப் பார்த்து, பிறகு விரலை மெதுவாகக் கீழே இறக்கினார். பூங்காவனத்தின் எண் இருந்தது. நான் பாயைக் கட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் பூங்காவனமே மாடிக்கு வந்தார். வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது, திங்கள்கிழமை சேர வேண்டும் என்றார். பிரின்சிபால் பலகையைக் காட்டிப் பெருமைப்பட்டார். அவர் உள்ளே போன பிறகு நான் அடக்க முடியாமல் கேட்டேன், அந்தக் கேள்வியை என்னம்மா செய்தீர்கள் என்று. அந்தம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"ஏழு வரைக்கும் எழுதிட்டேங்க ஐயா. ஊர்ல நாலு பேரு அவர பத்தி பேசிக்கினு கீறாங்க, நான் உள்ள இருந்து கேட்டுக்கினு கீறேன், அப்டி நெனச்சிக்கினேன். எட்டாவதுலதான் கை ஓடல. இத்தினி வருசம் குடித்தனம் பண்ணேன், ஒரு நாளு பேர் சொல்லி கூப்ட்டதில்ல. ரெண்டு பொண்ணுங்க மூஞ்சிய நெனச்சேன். பெல் அடிக்கறதுக்குள்ள எழுதிட்டேங்க, 'முருகா, வீட்டுக்கு வா'ன்னு. எழுதிட்டு வாசப்பக்கம் பாத்தேங்க ஐயா."

தமிழில் தேறுவதற்குக் கொஞ்சம் தமிழும் நிறையத் துணிச்சலும் வேண்டும் என்றும், அதில் முன்னதை மட்டும்தான் எங்கள் மாடியில் சொல்லிக்கொடுத்தோம் என்றும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.